கடலிலும் வானிலும் அடுக்களை

யாழ்ப்பாணத்து வீடுகளிலே சமையலறைக்குக் ‘குசினி’ என்னும் பெயர் வழங்கி வருகின்றது. அது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். காலையில் உண்ணும் பாணும், தேநீரோடு உண்ணும் விசுக்கோத்தும் அம்மொழி வழியாகவே ஈழத்துத் தமிழிற் புகுந்தன. இச்சொற்களைக் கொணர்ந்தோர் கடல்வழி வந்தோர் என்பதை எல்லோரும் அறிவர். ஆயின், அவர்கள் ஏறிவந்த மரக்கலங்களிலே அடுப்பு எங்கே எரிந்தது, அதனை மூட்டியவன் யார், அதில் வெந்தது யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பன பற்றி வரலாற்று நூல்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. கப்பற்றலைவனின் பெயர் ஏட்டிலும் சிலையிலும் நிலைத்துவிடுகின்றது. அவனுக்கு உணவிட்டவனின் பெயர் பெரும்பாலும் நிலைப்பதில்லை. அடுக்களையின் வழியாகக் கடற்பயணத்தையும் வான்பயணத்தையும் நோக்குவோருக்கு வரலாறு சற்று வேறான முகத்தைக் காட்டும்.

நிலத்திலே சமைப்போர் மூன்று வசதிகளை எண்ணிப் பார்ப்பதேயில்லை. தரை அசையாது என்பது ஒன்று. நெருப்பு எல்லை மீறினால் ஓடுவதற்கு வாசல் உண்டு என்பது மற்றொன்று. நீரும் விறகும் தீர்ந்தால் அயலிலே பெற்றுக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. கப்பலிலும் விமானத்திலும் இம்மூன்றும் இல்லை. தரை சாய்கின்றது, வாசலுக்கு வெளியே கடலோ வானமோதான் உண்டு, புறப்படும்போது ஏற்றிய இருப்பே முடிவுவரைக்கும் இருப்பு. அங்குள்ள அடுப்பும் பாத்திரமும் இவ்வின்மைகளுள் ஏதேனும் ஒன்றுக்கு மனிதன் தேடிக் கண்ட விடையாகவே அமைந்துள்ளன.

1545 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் மூழ்கி, 1982 இல் மேலே கொணரப்பட்ட ‘மேரி றோஸ்’ என்னும் போர்க்கப்பல் இதற்கு ஒரு சான்று. நானூறு பேருக்கு மேற்பட்டோரைச் சுமந்த அக்கப்பலின் அடித்தளத்திலே, நிலைபேற்றுக்காக இடப்பட்ட கற்களின்மேல், செங்கல்லால் அடுப்புக் கட்டி, அதன்மேல் இரு பெருங் கிடாரங்களைப் பொருத்தியிருந்தனர். மரத்தாலான ஒரு வீட்டின் வயிற்றுக்குள்ளே நெருப்பை வளர்ப்பதற்குச் செங்கல் ஒன்றே அன்று காவலாயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவிற் செங்கல்லின் இடத்தை இரும்பு பிடித்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ‘விக்ரறி’ முதலான பிரித்தானியக் கப்பல்களில் இடம்பெற்ற புறோடி அடுப்பு ஒரு சிறு தொழிற்சாலையையே ஒத்திருந்தது. அவிப்பதற்குப் பெருங் கிடாரங்கள், வெதுப்பதற்குப் போறணை, இறைச்சி வாட்டுவதற்குத் திறந்த தணல், அவ்விறைச்சி கோத்த கம்பியைச் சுழற்றுவதற்குப் புகையின் விசையால் இயங்கும் விசிறி, கொதிநீராவியைக் குளிர்வித்து நன்னீர் பெறுவதற்கு ஒரு வடிகலம் ஆகிய யாவும் அதிலே ஒருங்கிணைந்திருந்தன. எனினும், புயல் எழுந்தாலும் போர் மூண்டாலும் முதலிற் பிறப்பிக்கப்படும் கட்டளைகளுள் ஒன்று அடுப்பை அணைப்பதாகவே இருந்தது. மனிதனுக்குச் சூடான உணவு மிகுதியும் வேண்டப்படும் நாள்களிலேதான் அவனுக்கு அது கிடைக்கவில்லை.

அக்காலப் பிரித்தானியக் கடற்படையில் ஒரு மாலுமிக்குக் கிழமையொன்றுக்கு வகுக்கப்பட்ட உணவளவு அச்சிடப்பட்டிருந்தது. விசுக்கோத்து 7 இறாத்தல், மாட்டிறைச்சி 4 இறாத்தல், பன்றியிறைச்சி 2 இறாத்தல், பயற்றங்கடலை வகையாகிய பட்டாணி, ஓற்ஸ் மா, சிறிதளவு வெண்ணெய், பாற்கட்டி, இவற்றோடு 7 கலன் பியர் என்பன அதில் அடங்கும். இறைச்சி உப்பிற் கிடந்து மரம்போல் இறுகியிருக்கும். விசுக்கோத்து என்னும் சொல் ‘இருமுறை வெந்தது’ எனப் பொருள்படும் மூலத்தினின்று தோன்றியது. ஈரப்பசை முற்றாக நீங்கும்வரை வெதுப்பப்பட்டமையால் அது மாதக்கணக்கிற் கெடாது நின்றது. ஈரம் ஏறியபின் வண்டுகளுக்கு அது வீடாயிற்று. ஆறு முதல் எட்டுப் பேர்வரை கொண்ட ஒவ்வொரு பந்தியும் தன்னுள் ஒருவனைத் தெரிந்து, தமக்குரிய இறைச்சியையும் மாவையும் பெற்றுவரச் செய்யும். அவன் அவற்றைப் பையிலிட்டு, அடையாளத் துண்டு கட்டிக் கிடாரத்துக்கு ஒப்படைப்பான். கப்பற் சமையற்காரனின் தலையாய பணி அதனை அவித்துத் திருப்பிக் கொடுப்பதே. அப்பதவிக்குப் பெரும்பாலும் போரிலே காலோ கையோ இழந்த பழைய மாலுமிகளே நியமிக்கப்பட்டனர். கைத்திறனைக் காட்டிலும் இரக்கத்தையும் சிக்கனத்தையும் கருதி நிரப்பப்பட்ட பதவி அது. சமையல் என்பது எவராலும் செய்யத்தக்கது என்னும் எண்ணம் அன்றைய நிருவாகத்தில் வேரூன்றியிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வெண்ணம் எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதைச் சொறிகரப்பான் எனப்படும் ஸ்கேவி நோயின் வரலாறு காட்டும். 1747 மே மாதத்தில் ‘சோல்ஸ்பரி’ என்னும் கப்பலிலே வைத்தியரான ஜேம்ஸ் லிண்ட் அந்நோய் கண்ட பன்னிருவரை ஆறு இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். நாளொன்றுக்கு இரு தோடம்பழங்களும் ஓர் எலுமிச்சம்பழமும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். மருத்துவ வரலாற்றில் இச்சோதனை புகழ் பெற்றது. ஆயின் அதன் பின்னிகழ்ச்சி அடுக்களைக்கு உரியது. பழங்கள் நெடும்பயணத்தில் அழுகிவிடும் என்பதனால், அவற்றின் சாற்றைச் சூடாக்கி வற்றச்செய்து பாகாக வைத்துக்கொள்ளும் முறையை லிண்ட் தாமே பரிந்துரைத்தார். நெடுநேரச் சூடு அச்சாற்றின் ஆற்றலை அழித்துவிடும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. மருந்தைக் கண்டறிந்தவரே அம்மருந்தை அடுப்பிலே அறியாமல் எரித்தார். பிரித்தானியக் கடற்படை எலுமிச்சஞ்சாற்றை எல்லோருக்கும் வழங்கத் தொடங்கியது 1795 இலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்ச் சாறு வழங்கப்பட்டது. இயல்பாகவே வலுக்குறைந்த அச்சாறு, செப்புக் குழாய்களினூடாகச் சென்றும் காற்றுப் பட்டும் எஞ்சிய வலுவையும் இழந்தது. 1875–76 இல் வடதுருவப் பகுதிக்குச் சென்ற நெயர்ஸ் குழுவினரிடையே அந்நோய் மீண்டும் தலைகாட்டியது. நோய்க்கும் நலத்துக்கும் இடையே நின்றது ஒரு குழாயின் உலோகம். விற்றமின் சீயை விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது 1930 ஐ அண்டிய ஆண்டுகளிலாகும். அதுவரை கடலோடிகள் காரணம் அறியாமலே மாண்டனர்.

உணவு நல்லதாயிருப்பது மாத்திரம் போதாது. உண்போர் அதனை மதிக்கவும் வேண்டும். இதனை நன்குணர்ந்தவர் கப்பற்றலைவர் ஜேம்ஸ் குக். 1768 இல் ‘என்டெவர்’ கப்பலிற் புறப்பட்டபோது புளிக்கவைத்த கோவாவைப் பெருமளவில் ஏற்றிச் சென்றார். மாலுமிகள் அதனைத் தொட மறுத்தனர். அவர் கட்டாயப்படுத்தவில்லை. நாள்தோறும் அதிகாரிகளின் மேசையிலே அது பரிமாறப்படுமாறு செய்து, மாலுமிகள் விரும்பினால் எடுக்கலாம், விரும்பாவிடின் விடலாம் என்றார். மேலோர் உண்பதைக் கண்டதும் சில நாள்களில் எல்லோரும் அதனைக் கேட்கலாயினர். பின்னர் அளந்து கொடுக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. மனித இயல்பை அறிந்த இந்நுட்பத்தின் மறுபக்கம் கசப்பானது. கப்பலிலே இரு மேசைகள் இருந்தன என்பதையும், ஒரு மேசையிலுள்ளதே நல்லது எனக் கீழோர் நம்பப் பழகியிருந்தனர் என்பதையும் அது ஒருங்கே சொல்லுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு கப்பலுக்குத் தந்த பெருங்கொடை தகரப்பேணி. பிரான்சு நாட்டு நிக்கொலாஸ் அப்பேர் உணவைக் கண்ணாடிக் கலங்களில் அடைத்துக் கொதிநீரிற் காய்ச்சிக் காக்கும் முறையை 1810 இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் தகரக் கலத்துக்கு உரிமை பெறப்பட்டது. 1813 அளவில் பிரித்தானியக் கடற்படைக்குத் தகரப்பேணி உணவு வழங்கப்பட்டது. உணவு ஏன் கெடுகின்றது என்பதைப் பாஸ்ரர் விளக்குவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, அது கெடாதிருக்கும் வழி கைவந்துவிட்டது. பேணியைத் திறப்பதற்கெனத் தனிக் கருவி தோன்றுவதற்கும் பல பத்தாண்டுகள் சென்றன. அதுவரை உளியும் சுத்தியலுமே கப்பற் சமையற்காரனின் திறவுகோல்கள்.

சோற்றை முதன்மையாக உண்ணும் மக்களுக்கு இவ்வரலாற்றில் நெருங்கிய மற்றோர் அத்தியாயம் உண்டு. 1882 இன் இறுதியில் யப்பானியப் பயிற்சிக் கப்பலான ‘ரியூஜோ’ 376 பேருடன் நியூசிலாந்து, தென்னமெரிக்கா வழியாக நெடும்பயணம் புறப்பட்டது. வழியில் 169 பேரை பெரிபெரி நோய் பற்றியது. 25 பேர் இறந்தனர். கடற்படை வைத்தியரான தக்காகி கனேகிரோ உணவே காரணம் என ஐயுற்றார். மாலுமிகள் பெரும்பாலும் தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றையே உண்டனர். 1884 இல் ‘சுக்குபா’ என்னும் கப்பலை அதே வழியில், இறைச்சி, பால், பாண் முதலியன சேர்த்த வேறுணவுடன் அனுப்புமாறு செய்தார். அப்பயணத்தில் நோய்கண்டோர் மிகச் சிலரே. ஒருவரும் நோயால் இறக்கவில்லை. புரதக் குறைவே நோய்க்குக் காரணம் எனத் தக்காகி கருதியது தவறு. ஆயினும் அவர் கொடுத்த உணவு சரியானது. பின்னர் வாற்கோதுமையும் யப்பானிய மாலுமிகளின் சோற்றிற் கலந்தது. இந்தியாவிலிருந்து பிரித்தானியர் வழியாகச் சென்ற கறியும் அவர்களின் அடுக்களையை அடைந்தது. 1908 இல் வெளியான அவர்களது கடற்படைச் சமையல் நூலிற் கறிச்சோறும் இடம்பெற்றது. இன்றும் அந்நாட்டுக் கடற் பாதுகாப்புப் படையினர் வெள்ளிக்கிழமைதோறும் கறிச்சோறு உண்பர்.

இதே புதிரின் மறுபாதியை மலாயா அவிழ்த்தது. அங்கே வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளரைப் பெரிபெரி கூட்டங்கூட்டமாக வாட்டியபோது, அயலில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியிருந்தனர். அவர்கள் உண்டது புழுங்கலரிசி. வைத்தியர் பிறாடன் இவ்வேற்றுமையைச் சுட்டி 1907 இல் நூலெழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905 இல் பிளெச்சர் நடத்திய ஒப்பீடும் அதற்கு அரண் செய்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் விற்றமின் அரிசிமணியின் உள்ளே ஊறிவிடுகின்றது. பின்னர் தீட்டினாலும் முற்றாக நீங்குவதில்லை. ஏழைகளின் அரிசி எனப் பலர் முகஞ்சுளித்த புழுங்கலரிசியின் பின்னே, பெயரறியாத பெண்கள் பலர் கிடாரத்தில் நெல் அவித்துப் பாயிற் பரப்பி உலர்த்திப் பெற்ற பட்டறிவு இருந்தது. கடற்படைகள் உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடத்தை அவர்கள் பாடம் என்று அறியாமலே கைக்கொண்டிருந்தனர்.

நீராவிக் கப்பல்கள் பெருகிய காலத்திற் பிரித்தானிய வணிகக் கலங்களில் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த லஸ்கார் மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தனர். அவர்களுக்கெனத் தனி ஒப்பந்தமும், வெள்ளை மாலுமியரின் அளவினின்று வேறான, குறைந்த உணவளவும் இருந்தன. அரிசி, பருப்பு, நெய், உப்புமீன் என்பவற்றைக் கொண்டு அவர்களுக்குச் சமைத்தவனைப் ‘பண்டாரி’ என்றனர். ஒரே கப்பலில் இரண்டு மூன்று அடுக்களைகள் எரிந்தன. சமய ஆசாரத்தை மதிப்பதற்காகவே இவ்வேற்பாடு எனக் காரணங் கூறப்பட்டது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும், ஆசாரம் உணவின் வகையை வேறுபடுத்தலாம். அளவைக் குறைக்குமாறு எந்த ஆசாரமும் கேட்டதில்லை.

உணவின் வழியாக வந்த அவமதிப்பு ஓர் எல்லைக்கு மேற் சென்றபோது கப்பல்களே அதிர்ந்தன. 1905 யூன் மாதத்தில் உருசியப் போர்க்கப்பல் ‘பொத்தெம்கின்’ மாலுமிகள் புழு நெளிந்த இறைச்சியால் ஆக்கிய சூப்பை உண்ண மறுத்தனர். அவ்விறைச்சி உண்ணத்தக்கதே எனக் கப்பல் வைத்தியர் கூறியிருந்தார். அன்று மூண்ட கிளர்ச்சி உலகறிந்தது. 1946 பெப்ரவரி 18 ஆம் நாள் பம்பாயில் ‘தல்வார்’ என்னும் கடற்படைத் தளத்தில் இந்திய மாலுமிகள் உணவை மறுத்து எழுந்தனர். கெட்ட உணவும் இழிசொல்லும் அவர்களின் முறைப்பாடுகளில் முன்னின்றன. சில நாள்களுக்குள் ஏறக்குறைய 78 கப்பல்களும் 20,000 மாலுமிகளும் அவ்வெழுச்சியிற் கலந்தனர். பிரித்தானிய ஆட்சியின் இறுதி நெருங்கியதை அது அறிவித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஆழ்ந்த அரசியற் காரணங்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அரசியல் ஒரு சாதாரண மனிதனின் கைக்கு எட்டியது தட்டத்தின் உருவிலாகும். கொள்கையைப் பற்றி வாய்திறவாதவனும் சோற்றிற் புழுவைக் கண்டால் தன் மதிப்பு என்னவென்று அறிந்துகொள்வான்.

அதிகாரப் படிகள் குறைந்த சிறு கலங்களில் அடுப்பும் எளிமையாகவே இருந்தது. இந்துமாகடலின் பாய்க்கலங்களில், மணலோ மண்ணோ நிரப்பிய மரப்பெட்டியே அடுப்பின் தளம். நெருப்பு மரத்தைத் தீண்டாதவாறு மணல் காத்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் தமிழ் மாலுமிகளுடன் புறப்பட்டு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை ஈழத்துத் தமிழரின் கடலோட்ட வரலாற்றில் மங்காத செய்தி. அக்கலத்துக்கு உணவின் தெய்வத்தின் பெயரையே இட்டிருந்தனர் என்பதும் எண்ணத்தக்கது. அட்லாந்திக் சமுத்திரத்தைக் கடக்கப் பாயும் சுக்கானும் எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு உலைநீரும் தேவை என்பதைக் கடலோடிகள் மறப்பதில்லை.

குளிரூட்டல் வந்தபின் கப்பலின் உணவு முற்றாக மாறியது. 1882 இல் ‘டனீடின்’ என்னும் கப்பல் உறையவைத்த ஆட்டிறைச்சியை நியூசிலாந்திலிருந்து இலண்டனுக்கு 98 நாள்களிற் கெடாது கொண்டு சேர்த்தது. உப்புப் பீப்பாயின் ஆட்சி அதனோடு சரியத் தொடங்கியது. இன்றைய வணிகக் கப்பலின் அடுக்களையில் திறந்த சுவாலை அரிது; மின்னடுப்புகளின் தட்டையான மேற்பரப்பைச் சுற்றித் தடுப்புக் கம்பிகள் நிற்கின்றன. கப்பல் சாயும்போது கிடாரம் வழுக்காதவாறு அவை அணைத்துக்கொள்ளும். அலுமாரிகளுக்குக் கொளுவிகள் உண்டு. மேசையின் விளிம்பு உயர்ந்திருக்கும். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பாதிருப்பது அங்கே முதற்பாடம். கொதியெண்ணெய்த் தாச்சியே மிகுந்த அச்சத்துக்குரியது. ஆகவே குறித்த வெப்பநிலை கடந்தால் மின்னைத் துண்டிக்கும் கருவி அதற்குக் கட்டாயம். எச்சிலுணவுக்குக் கூடச் சட்டம் உண்டு. பொதுவான கடற்பகுதிகளில், அரைத்த உணவுக்கழிவைக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பாலும், அரைக்காததை 12 கடல்மைலுக்கு அப்பாலுமே கொட்டலாம்.

வானத்து அடுக்களையின் வரலாறு ஒரு நூற்றாண்டை மாத்திரம் சற்றே கடந்தது. 1919 ஒக்ரோபர் மாதத்தில் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே பறந்த ஹான்ட்லி பேஜ் விமானத்திற் பயணிகள் மூன்று சிலிங்கு கொடுத்து உணவுப்பெட்டி பெற்றனர். அதில் இருந்தது குளிர்ந்த உணவே. 1936 இல் சேவைக்கு வந்து 1937 இல் எரிந்தழிந்த ‘ஹின்டன்பேர்க்’ என்னும் வான்கப்பலோ, தீப்பற்றும் ஐதரசன் வாயுவின் கீழே தொங்கியவாறு சூடான உணவைச் சமைத்தது. அதன் அடுக்களை முழுவதும் மின்னால் இயங்கியது. உணவு சிறு தூக்கியொன்றின் மூலம் மேற்றளத்து உணவுக்கூடத்தை அடைந்தது. மரக்கலத்தில் செங்கல் செய்த காவலை இங்கே சுவாலையற்ற மின்னடுப்புச் செய்தது.

விமானத்துக்கு நெருப்பினும் பெரும் பகை பாரம். 1943 முதல் 1945 வரை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவிக்கும் இடையே கற்றலினா நீர்விமானங்கள் பறந்தன. 27 முதல் 33 மணிவரை இடைவிடாது நீடித்த அப்பறப்பில் எரிபொருளுக்கே இடம் போயிற்று. மூன்று பயணிகளுக்கும் ஏறக்குறைய 69 கிலோகிராம் அஞ்சலுக்குமே இடம் எஞ்சியது. அத்தகைய கணக்கின் மரபே இன்றைய விமான அடுக்களையையும் ஆளுகின்றது. உணவு வண்டியின் அகலம் ஏறக்குறைய 30 சதமமீற்றர்; நடைவழியின் ஒடுக்கமே அதனை வகுத்தது. தாச்சி இல்லை, சுவாலை இல்லை, வெட்டுபலகை இல்லை. நிலத்திலே முன்னரே சமைத்துக் குளிர்வித்த உணவை, விசிறியால் உந்தப்படும் வெங்காற்றினாலோ நீராவியினாலோ சூடாக்கும் பெட்டிகளே உள்ளன. ஆகவே வானத்தில் நிகழ்வது பெரும்பாலும் சமையலன்று. சமையலின் நினைவைப் புதுப்பித்தல் எனலாம்.

பறக்கும் விமானத்தினுள்ளே காற்றழுத்தம் கடல்மட்டத்தின் அளவில் இருப்பதில்லை. 1,800 முதல் 2,400 மீற்றர் வரையிலான உயரத்துக்குரிய அழுத்தமே பேணப்படுகின்றது. அதாவது, 1,870 மீற்றர் அளவில் உள்ள நுவரெலியாவுக்கும் 2,524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகல மலையின் உச்சிக்கும் இடைப்பட்ட காற்றையே பயணி மூச்சு விடுகின்றான். நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசிற் கொதிக்கும். 2,400 மீற்றரில் 92 பாகையிற் கொதிக்கும். தேயிலைக்கு வேண்டிய கொதி அங்கு வருவதேயில்லை. மலையகத் தொழிலாளி கொழுந்து பறித்த உயரத்துக்கு ஒப்பான உயரத்திலே அக்கொழுந்தின் சாறு குவளையில் ஊறுகின்றது. அதனை அருந்துவோன் சுவை குறைந்ததென்று பணியாளரைக் குறைகூறுவதும் உண்டு. குறை பௌதிகத்தினுடையது.

நாவும் அங்கே மாறுகின்றது. உள்ளேயிருக்கும் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. மூக்கு வரண்டால் மணம் குறைகின்றது. மணம் குறைந்தால் சுவையும் குன்றுகின்றது. ஜேர்மனியின் பிறோன்கோபர் நிறுவனம் 2010 இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த அழுத்தத்தில் உப்பும் இனிப்பும் மங்கலாக உணரப்பட்டமையும், தக்காளிச் சாறு முன்னைவிட இனிதாகத் தோன்றியமையும் அறியப்பட்டன. 2015 இல் கோணெல் பல்கலைக்கழகத்தார், 85 டெசிபெல் அளவான விமான இரைச்சல் இனிப்பை மங்கச்செய்து, தக்காளி, இறைச்சிச்சாறு முதலியவற்றிலுள்ள ‘உமாமி’ச் சுவையைக் கூட்டுவதைக் காட்டினர். ஆகவே விமானத்துக்கென உணவு சமைப்போர் தம் நாவை நம்பமுடியாத நிலையிலுள்ளனர். தரையில் நின்று சுவைபார்க்கும் அவர்கள், பதினாயிரம் மீற்றர் உயரத்தில் முன்பின் அறியாத ஒருவனின் நாவுக்கு அது எவ்வாறு தோன்றும் எனக் கருதியே உப்பையும் புளியையும் அளக்கின்றனர்.

அச்சமையற்காரரின் பொறுப்பு சுவையோடு முடிவதில்லை. சமைத்த உணவு 60 பாகைக்கும் 5 பாகைக்கும் இடையிலே தங்கும் ஒவ்வொரு மணியும் நுண்ணுயிர்களுக்கு விருந்து. ஆகவே உணவை விரைந்து குளிர்விக்கும் பெருங் கருவிகள் நிலத்து அடுக்களையின் இதயமாக விளங்குகின்றன. 1975 பெப்ரவரியில் ரோக்கியோவிலிருந்து அலஸ்கா வழியாகக் கோப்பன்ஹேகன் சென்ற யப்பானிய விமானமொன்றில் 197 பேர் உணவு நஞ்சாகி நோயுற்றனர். அலஸ்காவிலுள்ள அடுக்களையிற் பணிபுரிந்த சமையற்காரர் ஒருவரின் விரற்புண்ணிலிருந்த கிருமி பன்றியிறைச்சியிற் பற்றி, உணவு போதிய குளிரின்றி வைக்கப்பட்ட மணிக்கணக்கிற் பெருகியது. விமானிகள் அலஸ்காவில் புதிதாக ஏறியவர்கள். அவர்களின் பொழுதுக்கு அது இரவுணவு நேரமாதலால் முட்டைப்பொரியலை உண்ணவில்லை. அவர்கள் உண்டிருப்பின் விளைவு என்னவாயிருக்கும் என்னும் எண்ணமே, இரு விமானிகளும் ஒரே உணவை உண்ணலாகாது எனும் வழக்கத்தை வலுப்படுத்தியது. அவ்வுணவு வழங்கலுக்குப் பொறுப்பாயிருந்த முகாமையாளர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு விரலில் இருந்த புண்ணைக் காட்டி விடுமுறை கேட்கும் துணிவு ஓர் அடிநிலைத் தொழிலாளிக்கு உண்டா என்பது சுகாதார விதிகளில் எழுதப்படாத வினா. அக்கேள்விக்கு ‘ஆம்’ என்னும் விடை கிடைக்காத இடத்தில் எவ்வளவு குளிரூட்டினாலும் உணவு பாதுகாப்பானதாகாது.

கடலிலே இவ்வினாவுக்குச் சட்டம் ஓரளவு விடையளிக்க முயன்றுள்ளது. 1946 இல் சியற்றிலிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கப்பலாளரின் உணவு பற்றியும் கப்பற் சமையற்காரரின் தகைமைச் சான்றிதழ் பற்றியும் இரு சமவாயங்களை ஏற்றது. பம்பாய் மாலுமிகள் உணவை மறுத்ததும் அதே ஆண்டிலாகும். பின்னர் 2006 இல் ஏற்கப்பட்டு 2013 ஓகத்து 20 இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயம், பணிக்காலத்தில் உணவும் குடிநீரும் இலவசமாக வழங்கப்படவேண்டும் என்றும், உணவு கப்பலாளரின் சமயத்தையும் பண்பாட்டையும் கருத்திற் கொண்டு அமையவேண்டும் என்றும் விதித்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும்படி வகுக்கப்பட்ட கப்பலிற் பொதுவாகத் தகைமை பெற்ற சமையற்காரர் இருத்தல் வேண்டும். காலிழந்த மாலுமிக்குக் கருணையாகக் கொடுக்கப்பட்ட பதவி, கற்றுத் தேறவேண்டிய தொழிலாக ஏற்கப்படுவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தன.

சட்டம் உள்ளது, அதனை மீறுவோரும் உளர். கூலி கொடுக்கப்படாது துறைமுகங்களிற் கைவிடப்படும் கப்பல்களில் எரிபொருளுக்கு அடுத்துத் தீர்ந்துபோவது உணவாகும். 2020 இல் பெருந்தொற்று உலகின் எல்லைகளை மூடியபோது, ஏறக்குறைய நான்கு இலட்சம் கடலோடிகள் பணிக்காலம் முடிந்தும் வீடு திரும்பமுடியாது கப்பல்களிலே தங்கினர். உலகின் களஞ்சியங்களை நிரப்பும் அரிசியும் கோதுமையும் எண்ணெயும் அவர்களின் கையாலேயே கரைசேர்ந்தன. அம்மாதங்களில் ஒவ்வொரு கப்பலிலும் ஒருவர் மற்றையோருக்கு முன்னே விழித்தெழுந்து, சாயும் தரையிற் கால்பரப்பி நின்று, கம்பிகளிடையே கிடாரத்தை இறுக்கி, உலையை ஏற்றினார். எப்போது கரை இறங்குவோம் என்று அவருக்கும் தெரியாது. விடிகாலைக் காவல் முடிந்து வருவோருக்குத் தட்டத்தில் சூடாக ஏதேனும் இருக்கவேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.